'சூப்பர் மச்சி'ன்னு பதில் வந்தா திரைக்கதை நகராது... சரியான ஃபீட்பேக் வாங்குவது எப்படி?

சீவலப்பேரி என்று சொன்னதும் பலருக்கு ஊருக்கு முன்னாடி படம்தான் ஞாபகம் வரும். 1994-ல் நெப்போலியன் நடித்து வெளியான 'சீவலப்பேரி பாண்டி'. பத்திரிகையாளர் சௌபா ஜூனியர் விகடனில் எழுதிய தொடர்தான் அதற்கு அடிப்படை. திரைக்கதை எழுதியவர் கே.ராஜேஷ்வர், இயக்கியவர் பிரதாப் போத்தன்.

பாளையங்கோட்டை பக்கத்தில், சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேரும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். சுடலைமாடன் கோயிலால் தெற்கு முழுக்கப் பிரபலம். முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடலும் இதுதான் என்பார்கள். (தமிழ் பி.ஏ. படித்தவர்களால் இதைச் சொல்லாமல் நகர முடியாது, மன்னிச்சுக்கோங்க.)

என்னோடு படித்த நண்பன் ஒருவன் இந்தப் பக்கத்துக்காரன். இருந்த வேலையை விட்டுட்டு சென்னைக்கு வந்து, வளசரவாக்கத்தில் ஒரு ரூமில் மூன்று பேரோடு தங்கியிருக்கிறான். கையில் 140 பக்கத்தில் ஒரு திரைக்கதை. மூன்று வருஷ உழைப்பு. இதுவரை பதினோரு பேருக்கு அனுப்பியிருக்கிறான். வந்த பதில்கள்: 'சூப்பர் மச்சி' ஏழு. 'செகண்ட் ஹாஃப் லேசா லேக்' மூணு. ஒருத்தர் இன்னும் படிக்கவே இல்லை. அந்த ஒருத்தர் நான்தான்.

போன மாதம்தான் படித்தேன். முதல் டிராஃப்ட்டையும் மூன்றாவது டிராஃப்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாறியிருப்பது கேரக்டர்களின் பெயர்கள் மட்டும்தான். மூன்று வருஷம், மூன்று டிராஃப்ட், பதினோரு வாசகர்கள். ஆனால் எதை மாற்றணும் என்று அவனுக்குச் சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை. குறும்படம் எடுக்கிறவர்கள், உதவி இயக்குநர்கள், ஊரில் இருந்தபடியே எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் என நிறைய பேருக்கு இதே கதைதான்.

திரைக்கதைக்கு உருப்படியான ஃபீட்பேக் என்பது என்ன, யாரிடம் கேட்பது, எப்படி வாங்குவது? விரிவாகப் பார்க்கலாம்.

விமர்சனமும் ஃபீட்பேக்கும் ஒண்ணா?

இல்லை. விமர்சனம் முடிந்துபோன படத்துக்கு எழுதுவது. 'டிக்கெட் காசுக்கு வொர்த்தா?' என்று யோசிக்கிற பார்வையாளருக்கானது. ஃபீட்பேக் இன்னும் முடியாத ஒன்றுக்குச் சொல்வது. அதைக் கேட்பவர் எழுதினவர் ஒருவர் மட்டுமே. அதனால் 'நல்லா இருக்கு', 'நல்லா இல்ல' இரண்டாலும் அவருக்கு அதிக உபயோகம் இல்லை. அவருக்குத் தேவை இடம்: எந்தப் பக்கத்தில் புரியவில்லை, எங்கே போரடித்தது, யாரை நம்ப முடியவில்லை.

இடத்தைக் காட்டுவது படிக்கிறவர் வேலை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எழுதினவர் வேலை. இந்த இரண்டு வேலையும் ஆள் மாறும்போதுதான் பிரச்னை ஆரம்பிக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது கிட்டத்தட்ட இது மட்டும்தான்.

பத்திரிகைத் தொடர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாரம் ஒரு அத்தியாயம் வெளியாகும், வாசகர் கடிதம் வரும். எது பிடித்தது, எது குழப்பியது என்பது தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே தெரிந்துவிடும். திரைக்கதைக்கு அப்படி இல்லை. படம் ரிலீஸாகி தியேட்டரில் ஆள் எழுந்து போகும்போதுதான் தெரியும். அதுக்கப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது?

கோடம்பாக்கத்துக்கு இது புதுசா?

சொல்லப்போனால், நம்ம ஊர் சினிமா ஆரம்பத்தில் இருந்தே கூட்டமாக உட்கார்ந்து கதை பேசியே வளர்ந்தது. பழைய படங்களின் டைட்டில் கார்டில் 'கதை இலாகா' என்று போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாண்டோ சின்னப்பா தேவரின் நிறுவனத்தில் அப்படி ஒரு குழுவே இருந்தது. இன்றைக்கு அதற்குப் பெயர் 'டிஸ்கஷன்'. ஒரு ரூம், நாலு உதவி இயக்குநர்கள், டீ, வடை, வெள்ளை போர்டில் சீன் ஆர்டர்.

அதே தேவர் தொடர்புடைய ஒரு சம்பவம் ஃபீட்பேக்குக்கு நல்ல உதாரணம். யானையை வைத்து அவர் ஏற்கெனவே தமிழில் எடுத்த 'தெய்வச்செயல்' (1967) கதையை இந்திக்குக் கொண்டுபோனார். ஹீரோ ராஜேஷ் கன்னா. அப்போது அவர் பங்களா வாங்கிய நேரம், பணம் தேவைப்பட்டது, படத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் ஸ்கிரிப்ட் அவருக்குத் திருப்தியாக இல்லை. அப்போது பெரிதாகப் பெயர் வராத இரண்டு இளைஞர்களைக் கூப்பிட்டு இதைச் சரிசெய்து கொடுங்கள் என்றார். அவர்கள் சலீம் - ஜாவேத். யானைகள் அப்படியே இருந்தன, அதைச் சுற்றியிருந்த திரைக்கதையை மாற்றி எழுதினார்கள். 1971-ல் வந்த 'ஹாத்தி மேரே சாத்தி' இந்தியில் மிகப்பெரிய வெற்றி. மறுவருஷமே அந்தக் கதை எம்.ஜி.ஆர் நடிப்பில் 'நல்ல நேரம்' ஆகத் தமிழுக்குத் திரும்பி வந்தது. கதையின் கரு மாறவில்லை, வேலை நடந்தது திரைக்கதையில்தான்.

'சீவலப்பேரி பாண்டி' எழுதிய ராஜேஷ்வரும் ஆரம்பத்தில் பலர் கைபட்ட ஒரு எழுத்தில் இருந்தவர்தான். 1978-ல் ருத்ரய்யா இயக்கிய 'அவள் அப்படித்தான்' படத்தின் எழுத்தில் மூன்று பெயர்கள் உண்டு. ருத்ரய்யா, வண்ணநிலவன், சோமசுந்தரேஷ்வர். அந்த சோமசுந்தரேஷ்வர்தான் பிற்பாடு ராஜேஷ்வர். வண்ணநிலவன் யார் என்று திருநெல்வேலிக்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. 'ரெய்னீஸ் ஐயர் தெரு' எழுதியவர். நாவலாசிரியர் ஒருவரும் சினிமாக்காரர்கள் இருவரும் ஒரே கதையை எழுதும்போது, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிக்காமல் வேலை நடக்காது.

ஆனால் நம்ம டிஸ்கஷன் பழக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. இங்கே கதையைப் படிப்பதில்லை, கேட்கிறோம். ஹீரோவிடமும் தயாரிப்பாளரிடமும் 'நேரேஷன்' கொடுப்பதுதான் வழக்கம். நன்றாகக் கதை சொல்கிறவர் கையை ஆட்டி, பின்னணி இசையையும் வாயாலேயே போட்டு, சுமாரான சீனைக்கூட தூக்கி நிறுத்திவிடுவார். கேட்கிறவர் பாராட்டுவது சொன்ன விதத்தை. எழுதினவர் நினைத்துக்கொள்வது பேப்பரில் இருப்பதைப் பாராட்டினார்கள் என்று. ஷூட்டிங்கில் கேமரா முன்னால் கையை ஆட்ட நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதனால் கதையைச் சொல்லுங்கள், பரவாயில்லை. ஆனால் நாலு பேரிடமாவது பேப்பரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

ஒரு சீன், நாலு பதில்

நண்பன் அனுமதியோடு அவன் ஸ்கிரிப்ட்டில் இருந்து ஒரு காட்சி. ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். சீவலப்பேரி பாலத்து முனை. சென்னையில் இருந்து வரும் அண்ணன் பஸ்ஸில் இருந்து இறங்குகிறான். சுற்றிலும் வயலில் அறுப்பு நடக்கிறது. தங்கச்சி காத்திருக்கிறாள். மூன்றாவது டிராஃப்ட்டில் இருந்தது இது:

தங்கச்சி: "ஏலே அண்ணே, அப்பா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. சென்னைக்குப் போன நீ ஊர்ப்பக்கமே வரல. இப்போ நம்ம வயலை விக்க வந்திருக்கேன்னு பெரியப்பா சொன்னாரு. அதுல எனக்கும் பங்கு இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்!"

அண்ணன்: "கடன் கழுத்தை நெரிக்குது தங்கச்சி. உன் கல்யாணத்துக்கு வாங்கின கடன்தான் அது!"

இதற்கு வந்த பதில்கள்:

முதல் ஆள்: "சென்டிமென்ட் செம மச்சி. கண்ணு கலங்கிருச்சு." அன்பான பதில். உபயோகம் பூஜ்ஜியம்.

இரண்டாவது ஆள்: "லேக் ஆகுது ப்ரோ. பெரியப்பா ஆளுங்க வரட்டும், பாலத்து மேல ஒரு ஃபைட் வை. மாஸா இருக்கும்." இதைக் கேட்டு நண்பனுக்குக் கோபம். 'என் கதையே இவனுக்குப் புரியல' என்றான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது முக்கியமான பதில். ஃபைட் வேண்டும் என்று ஒருத்தர் கேட்கிறார் என்றால், அந்த இடத்தில் மோதலே இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் சொன்ன மருந்து தப்பாக இருக்கலாம். நோய் இருக்கும் இடத்தைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறார்.

மூன்றாவது ஆள், சினிமாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வங்கி ஊழியர்: "தங்கச்சி பேசி முடிச்சதும் எனக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிஞ்சிருச்சு. அடுத்த பக்கம் திருப்பணும்னு தோணல." தங்கம் மாதிரியான வரி. எப்படி மாற்றணும் என்று அவர் சொல்லவே இல்லை. தனக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொன்னார்.

நாலாவது ஆள், நண்பனின் அத்தை. படிக்கவில்லை, அவன் வாசித்துக் காட்டக் கேட்டவர். அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஆடி அமாவாசைக்கு ஏதுய்யா பிசான அறுப்பு?"

அங்கேதான் எல்லாம் மாறியது. பிசானம் ஐப்பசியில் ஆரம்பித்து மாசி, பங்குனி வாக்கில் அறுப்புக்கு வரும் பயிர். ஆடியில் வயலில் இருந்தால் அது கார் நெல், அதுவும் தண்ணீர் திறந்துவிட்ட வருஷமாக இருந்தால்தான். ஆடி அமாவாசைக்கு அது பச்சையாக நிற்கும். அறுக்க இன்னும் மாதங்கள் ஆகும். நண்பனால் ஆடி அமாவாசையை விட முடியாது, ஏனென்றால் அண்ணன் வருவதே அப்பாவுக்குத் திதி கொடுக்க. அப்படியானால் அறுப்பை விடணும். அறுப்பை விட்டால் வயலில் பயிர் நிற்கும். நிற்கிற பயிரோடு வயலை விற்பது வேறு விஷயம். அதுதான் அவன் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த மோதல்.

புதுசாக எழுதியது இது. பாலத்து முனையில் பஸ் நிற்கிறது. தங்கச்சி அப்பாவின் பழைய சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறாள்.

தங்கச்சி: "திதி கொடுத்துட்டு உடனே கிளம்பிருவீயளோ?"

அண்ணன்: "ரெண்டு நாள் இருப்பேன். பத்திரம் எங்க இருக்கு?"

தங்கச்சி: "அப்பா வெச்ச இடத்துலதான் இருக்கு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். அவன் பின்னால் வருகிறான். இரண்டு பக்கமும் பச்சை.

தங்கச்சி: "பயிரு நிக்குதுண்ணே."

அவன் பதில் சொல்லவில்லை.

கல்யாணக் கடன் எங்கே போனது? 40 பக்கம் தள்ளிப் போயிருக்கிறது. அது தங்கச்சிக்குத் தெரியவருகிற இடம் இப்போது இன்டர்வெல். 'ஏலே' எங்கே போனது? அதையும் அத்தைதான் எடுக்கச் சொன்னார். "அண்ணனைப் போய் எந்தப் பொட்டப்புள்ள ஏலேங்கும்?" என்றாராம். நெல்லைத் தமிழ் என்றாலே வரிக்கு ஒரு 'ஏலே' என்பது சினிமா கற்றுக்கொடுத்தது. ஊர்க்காரனே அதைப் படத்தைப் பார்த்து எழுதுகிறான் பாருங்க.

சொன்னதை எல்லாம் செய்தால் என்ன ஆகும்?

இதற்கு உலக அளவில் பேசப்படும் உதாரணம் 'டாய் ஸ்டோரி'. 1995-ல் வந்து சக்கைப்போடு போட்ட அந்த அனிமேஷன் படம், 1993 நவம்பரில் கிட்டத்தட்ட செத்தே போனது. டிஸ்னி தரப்பில் இருந்து 'கதை இன்னும் காரமாக இருக்கணும்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிக்ஸார் குழுவும் ஒவ்வொரு திருத்தத்தையும் செய்துகொண்டே போனது. கடைசியில் போட்டுப் பார்த்தால், ஹீரோவான வுட்டி பொம்மை வெறுக்கத்தக்க ஆளாக மாறியிருந்தது. எல்லாரையும் திட்டுகிறது. பஸ்ஸை ஜன்னலுக்கு வெளியே வேண்டுமென்றே தள்ளிவிடுகிறது. டிஸ்னி தயாரிப்பையே நிறுத்தியது.

குழு திரும்ப உட்கார்ந்து, தாங்கள் முதலில் எடுக்க நினைத்த படத்தை எழுதியது. இப்போது நாம் பார்க்கும் படத்திலும் பஸ் ஜன்னல் வழியாக விழுகிறான். ஆனால் வுட்டி நினைத்தது அவனை மேஜைக்குப் பின்னால் தள்ளிவிட மட்டும்தான். தப்பு அவன் கையை மீறிப் போய்விடுகிறது. சம்பவம் அதேதான். காரணம் மாறியதும் நமக்கு அவன் மேல் இரக்கம் வருகிறது.

அதன்பிறகு பிக்ஸாரில் 'பிரெயின்ட்ரஸ்ட்' என்று ஒரு கூட்டம் வழக்கமானது. உருவாகிக்கொண்டிருக்கும் படத்தை மற்ற இயக்குநர்களும் எழுத்தாளர்களும் பார்த்து, ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவார்கள். ஒரே ஒரு விதி. அந்தக் கூட்டத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. சொன்னதை ஏற்பதும் விடுவதும் இயக்குநரின் முடிவு. நிறுவனத்தின் தலைவராக இருந்த எட் கேட்மல் தன் புத்தகத்தில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார். நம்ம ஊர் டிஸ்கஷனில் தயாரிப்பாளரின் மச்சான் உட்கார்ந்திருந்தால் இந்த விதி நடக்குமா என்பது வேறு விஷயம்.

யார்கிட்ட கொடுக்கலாம்?

பதினோரு பேர் வேண்டாம். நாலைந்து பேர் போதும். ஆனால் நாலும் நாலு விதமாக இருக்கணும்.

ஒருத்தர் திரைக்கதையின் வடிவம் தெரிந்தவர். சரியான ஃபார்மேட்டில் அடித்த ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிஷம் என்பது பொதுவான கணக்கு. 140 பக்கம் என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். அதில் எங்கே கொழுப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இன்னொருத்தர் படம் பார்ப்பதோடு சரி, எடுப்பதைப் பற்றி எதுவும் தெரியாதவர். மூன்றாவது ஆள், கதை நடக்கும் ஊரையோ தொழிலையோ உள்ளே இருந்து அறிந்தவர். அத்தையின் இடம் இதுதான். ஆஸ்பத்திரிக் கதை எழுதினால் ஒரு நர்ஸ், கோர்ட் கதை என்றால் ஒரு ஜூனியர் வக்கீல்.

நாலாவது ஆளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. உங்கள் கதையில் எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களின் பக்கத்தில் இருந்து ஒருத்தர். தாமிரபரணிக் கரையில் ஒரு கதை எழுதினால் சாதி அதில் வராமல் இருக்காது, நீங்கள் பெயரைச் சொல்லாவிட்டாலும் வரும். உங்கள் தெருக்காரர்கள் மட்டும் படித்தால் உங்கள் தெருவுக்குப் பிடித்த கதைதான் மிஞ்சும். 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தின் முடிவில் இரண்டு டீ கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே, அந்தக் காட்சி எதிரில் இருக்கிற அப்பாவையும் ஒரு மனுஷனாக எழுதியதால் வந்தது. வில்லனை வெறும் அரிவாளாக எழுதியிருந்தால் அங்கே பேச ஒன்றுமே இருந்திருக்காது. உங்கள் வில்லன் வீட்டுப் பிள்ளை ஒருத்தர் உங்கள் ஸ்கிரிப்ட்டைப் படித்தால் என்ன சொல்வார்? கேட்டுப் பார்க்க பயமாக இருந்தால், அந்த பயமே ஒரு ஃபீட்பேக்.

சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இன்னொன்று தெரியும். புலவர் கதை சொல்லிக்கொண்டே போவார், பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். சும்மா தலையாட்டுவது இல்லை அது. நடுநடுவே "அப்படியா? அதுக்கு அவ என்ன சொன்னா?" என்று கேள்வியும் கேட்பார். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் மனதில் எழும் கேள்வியைத்தான் அவர் மேடையில் கேட்கிறார். திருநெல்வேலி பக்கத்து சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம், சினிமாவில் நகைச்சுவைப் பகுதிகளும் எழுதியவர். கேட்கிறவர் எங்கே சிரிப்பார், எங்கே 'அப்புறம்?' என்பார் என்று மேடையிலேயே பார்த்துப் பழகிய எழுத்து அது. உங்களுக்குத் தேவை அப்படி ஒரு பின்பாட்டுக்காரர். 'ஆமா' மட்டும் போடுகிறவர் ஏழு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

என்ன கேட்கணும்?

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். எந்தப் பக்கத்தில் போனை எடுத்தீர்கள்? எந்த இடத்தில் திரும்பிப் போய் மறுபடி படித்தீர்கள்? ஹீரோவுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? முடிவு என்னவாக இருக்கும் என்று எங்கே ஊகித்தீர்கள்? ஸ்கிரிப்ட்டை மூடிவிட்டு கதையை நாலு வரியில் சொல்ல முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வி கொஞ்சம் கொடூரமானது. நீங்கள் எழுதின கதையும் அவர் சொல்கிற கதையும் வேறு வேறாக இருக்கும்.

'செகண்ட் ஹாஃப் லேக்' என்ற புகழ்பெற்ற பதிலுக்கு வருவோம். இதைக் கேட்டதும் எல்லாரும் செய்வது, இரண்டாம் பாதியில் இரண்டு சீனை வெட்டுவது, இல்லாவிட்டால் ஒரு பாட்டை எடுப்பது. பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. முதல் பாதியில் ஹீரோ எதையோ இழக்கப்போகிறான் என்ற பயத்தை ஏற்படுத்தாமல் விட்டிருப்பீர்கள். இன்டர்வெல்லில் ஒரு திருப்பம் வைத்திருப்பீர்கள், ஆனால் அதற்குப் பிறகு அவன் செய்தே ஆகவேண்டியது எதுவும் இருக்காது. வலிக்கிற இடமும் அடிபட்ட இடமும் ஒன்றாக இருக்கணும்னு அவசியமில்லை.

கேட்கும்போது என்ன செய்யக்கூடாது?

விளக்கம் கொடுக்கக்கூடாது. "இல்ல, அது ஏன்னா..." என்று ஆரம்பித்தாலே முடிந்தது. தியேட்டரில் ஒவ்வொரு சீட்டுக்கும் போய் 'ஏன்னா' சொல்ல முடியாது. எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், இரண்டு மூன்று நாள் அந்த நோட்டைத் திறக்காதீர்கள். அன்றைக்கு இரவே திருத்த உட்கார்ந்தால் கோபத்தில் எழுதுவீர்கள், இல்லையென்றால் அழுகையில் எழுதுவீர்கள்.

நாலு பேரும் ஒரே பக்கத்தில் தடுக்கினால், ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாலும் சரி, அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. ஒருத்தர் மட்டும் சொன்னது, அதுவும் உங்கள் கதையின் உயிரையே மாற்றச் சொன்னது என்றால் தயங்காமல் விடலாம். அவர் வேறு படத்தைக் கேட்கிறார்.

நீங்கள் ஃபீட்பேக் சொல்லும் இடத்தில் இருந்தால்? முதலில், படிக்க முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் இழுத்தடித்த அனுபவத்தில் சொல்கிறேன், அது ரொம்பப் பாவம். படித்தால், வேலை செய்கிற இடத்தையும் சொல்லுங்கள். அது மரியாதைக்காக மட்டும் இல்லை. எது நன்றாக இருக்கிறது என்று தெரியாவிட்டால், திருத்தும்போது அதையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள்.

கதையைத் திருடிட்டா?

எல்லார் மனதிலும் இருக்கும் பயம் இது. காரணம் இல்லாமலும் இல்லை. 2018-ல் 'சர்கார்' பட வெளியீட்டுக்கு முன், அந்தக் கதையும் தான் பதிவு செய்திருந்த கதையும் ஒன்று என வருண் ராஜேந்திரன் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் புகார் கொடுத்தார். சங்கத் தலைவராக இருந்த கே.பாக்யராஜ், கருவில் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். கதை தன்னுடையதே என்றார் இயக்குநர் ஏ.ஆர்.முருகதாஸ். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், படத்தின் டைட்டிலில் வருண் ராஜேந்திரனுக்கு அங்கீகாரம் தருவது என்று சமரசத்தில் முடிந்தது. அவர் முன்கூட்டியே பதிவு செய்திருந்ததுதான் அங்கே பேசியது.

சட்டம் சொல்வது இதுதான். வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை நீங்கள் எழுதிய விதத்துக்கு உண்டு. ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதனால் ஒன்லைனை டீக்கடையில் சொல்லிவிட்டுப் பிறகு உரிமை கேட்பது கஷ்டம். முழு ஸ்கிரிப்ட் எழுதி, எழுத்தாளர் சங்கத்திலோ மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்யலாம். பதிவு செய்யாவிட்டாலும் எழுதின நிமிஷத்தில் இருந்து உரிமை உங்களுக்குத்தான். பதிவு என்பது ஆதாரம். அதோடு, யாருக்கு, எந்தத் தேதியில், எந்த டிராஃப்ட்டை அனுப்பினீர்கள் என்பது மெயிலில் இருக்கட்டும். பேப்பரைக் கொடுத்துவிட்டு மறந்துபோவதுதான் ஆபத்து.

ஆனால் இந்தப் பயத்தில் யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. ரித்தேஷ் பத்ராவின் 'தி லன்ச்பாக்ஸ்' (2013) திரைக்கதை, தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் திரைக்கதைப் பயிலரங்கிலும் இத்தாலியின் டொரினோ ஃபிலிம் லேபிலும் பலர் படித்து, பேசி, திருத்தப்பட்டு வந்ததுதான்.

'சீவலப்பேரி பாண்டி' இயக்கிய பிரதாப் போத்தனையே இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' முதல் சீசன் வந்தபோது, அவரும் கார்ட்டூனிஸ்ட் மதனும்தான் நடுவர்கள். ஒவ்வொரு வாரமும் புதுப் பசங்க குறும்படம் எடுத்து வருவார்கள், இவர்கள் எல்லார் முன்னாலும் அதைப் பற்றிப் பேசுவார்கள். நலன் குமரசாமி, கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன் எல்லாம் அந்த மேடையில் நின்று கேட்டவர்கள். அடுத்த மூன்று நாலு வருஷத்தில் 'பீட்சா', 'காதலில் சொதப்புவது எப்படி', 'சூது கவ்வும்' என்று வரிசையாக வந்தன. பிரதாப் போத்தன் 2022-ல் காலமானார்.

நண்பனின் நாலாவது டிராஃப்ட் இப்போது 118 பக்கம். இந்த முறை நாலு பேருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறான். மெயிலில் ஒரே ஒரு வரி: 'எந்தப் பக்கத்துல போனை எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க.'

நான் 61-ல் எடுத்தேன். சொல்லிட்டேன்.